கிளாட்வினின் விளக்கு

வடதுருவத்தை ஒட்டிய துரோம்சோவில் மதியம் இரண்டு மணிக்கே இருட்டிவிட்டது என்று சொன்னால் அது சரியாகாது. அன்றைக்கு விடியவே இல்லை. நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் இறங்கிய சூரியன் இனி ஜனவரி பாதியைத் தாண்டித்தான் தலைகாட்டும். மீன் ஆலையில் காலை ஷிப்ட் முடித்து வந்த இன்னாசி, கையுறையைக்கூடக் கழற்றாமல் ஜன்னலோரம் போய் நின்றான். முற்றத்துக்கு அந்தப் பக்கம், எதிர்க்கட்டடத்தின் மூன்றாம் மாடியில், ஊர்க்காரன் கிளாட்வினின் ஜன்னல் எரிந்துகொண்டிருந்தது. ஊதாவும் நீலமும் கலந்த வெளிச்சம் கண்ணாடியைத் தாண்டி, கீழே கிடந்த பனிமேலும் வழிந்திருந்தது.

பார்த்த வயிற்றெரிச்சலோடு திரும்பித் தன் தொட்டியைப் பார்த்தான். அறுபது லிட்டர் தண்ணீருக்கு நடுவே, ஒரு கல்லில் ஒட்டிய விரல் நீளத் துண்டு. மான்கொம்புப் பவளம் என்று பெயர்தான் பெரிது. நிறம் என்னவோ ஆறிப்போன டீ.

போனில் அம்மாவின் குரல் வந்து கிடந்தது.

"எய்யா, நேத்துப் பூசை முடிஞ்சு மெர்சலின் கோயில் வாசல்லயே போனத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு நின்னுட்டா. அவ மவன் கிளாட்வின் பவளத்தப் பாக்க ஒரே கூட்டம். பச்சையும் ஊதாவுமா மாதா தேர் கணக்கா ஜொலிக்குதுய்யா. உன்னதயும் காட்டுங்கன்னாளுக. நான் நெட்டு வரலன்னு சொல்லிட்டேன்."

இன்னாசி பதில் பேசினான், அழித்தான், மறுபடி பேசினான். குரலில் நடுக்கம் தெரிந்தால் அம்மா ஊரைக் கூட்டிவிடுவாள். நாலாவது தடவைதான் அனுப்பும்படியாக வந்தது. "எல்லாம் நல்லாருக்கும்மா. சீக்கிரம் கலர் வந்துரும்."

முன்பெல்லாம் அம்மாவின் முதல் கேள்வி சாப்பிட்டியா என்பதாக இருக்கும். தொட்டி வந்தபிறகு அது மாறிப்போயிருந்தது.

தொட்டி வந்த கதை இதுதான். மன்னார் வளைகுடா கொதித்த வருடங்களில், தூத்துக்குடியை ஒட்டிய வான் தீவைச் சுற்றியிருந்த பவளமெல்லாம் வெளுத்துச் சாகத் தொடங்கியது. மிஞ்சியதைத் துண்டு துண்டாக வெட்டி, வெயில் எட்டாத நாடுகளுக்கு அனுப்பினார்கள். ஒரே கூடத்தில் வைத்தால் ஒரு மின்வெட்டில் மொத்தமும் போய்விடும் என்று வீடுவீடாகப் பிரித்து வைத்தார்கள். அதுவும் அந்தக் கடற்கரையிலிருந்து பிழைக்கப் போனவர்களின் வீடுகளில். சொந்தக் கடலின் உயிர் என்றால் பொறுப்பாகப் பார்ப்பார்கள் என்று யாரோ கணக்குப் போட்டிருந்தார்கள். தொட்டிக்கு முன்னால் ஒரு சின்ன கேமரா. ஊரில் இருப்பவர்கள் எந்நேரமும் போனில் பவளத்தைப் பார்த்துக்கொள்ளலாம். வளர்ப்பவன் அதில் தெரிய மாட்டான்.

தூத்துக்குடியில் ஒரே தெருக்காரர்களான இன்னாசிக்கும் கிளாட்வினுக்கும் ஒரே நாளில் துண்டு வந்தது. இரண்டும் ஒரே தாய்ப் பவளத்திலிருந்து முறித்தவை. "எங்க தாத்தன் உடைச்சுச் சுண்ணாம்பு சுட்டத நான் இங்க ஊட்டி வளக்கணும், பாத்துக்க" என்று கிளாட்வின் அன்றைக்குச் சிரித்தான். அப்போது அவன் சிரிக்கிறவனாக இருந்தான்.

பவளத் திட்டத்தின் சார்பில் வந்த மைதிலி அக்கா துரோம்சோவிலேயே பிறந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். மேசைமேல் இரண்டு விளக்குகளை வைத்தாள். ஒன்று தட்டையானது. பார்க்க அலுவலக விளக்குபோல இருந்தது. வான் தீவில் ஐந்து மீட்டர் ஆழத்தில் என்ன வெளிச்சம் இருக்குமோ அதை மட்டும்தான் தரும். மற்றது உருண்டை. ஊதா, நீலம் என்று விருப்பம்போலக் கூட்டிக் குறைக்கலாம். வேண்டுமானால் கடையில் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் வேண்டாம் என்றாள்.

"தட்டை விளக்கு பாக்க வடிவில்லைதான். ஆனா நிறத்தைப் பாக்காதீங்கோ. பவளம் வாய் திறக்குதா எண்டு பாருங்கோ."

ஷிப்டுக்கு நேரமாகிறதே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னாசி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவன் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு ஜூனிலும் துரோம்சோவிலிருந்து ஒரே ஒரு துண்டு தேர்வாகும். வளர்த்தவனே அதைக் கையில் கொண்டுபோய் வான் தீவுக்குப் பக்கத்தில் நடலாம். இருபது நாள் விடுப்பு. மற்றபடி ஆலையின் ஐந்து வருட ஒப்பந்தத்தில் நடுவே நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால், வருடக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. இன்னாசிக்கு இது மூன்றாவது வருடம், கிளாட்வினுக்கு இரண்டாவது.

வீட்டில் தங்கச்சி செரினின் கல்யாணத்தை ஜூனில் வைத்துவிட்டார்கள். "நீ வருவேன்னு மாதாட்ட சொல்லியாச்சு" என்றாள் அம்மா. எதிர்வீட்டில் மெர்சலின் சித்தியும் தன் மகன் ஜூனில் வருவதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். விமானத்தில் ஒரு இருக்கைதான். இரண்டு தாய்மாரும் அதை மாதாவிடம் கேட்டுவிட்டார்கள்.

ஒரே தாயின் இரண்டு துண்டுகளில் ஒன்று மட்டும் ஜொலித்தால் அதற்கு ஏதோ ஒரு சூட்சுமம் இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன்குழம்பும் சோறுமாக இன்னாசி முற்றத்தைக் கடந்து போனான்.

கதவைத் திறந்த கிளாட்வினைப் பார்த்ததும் முதலில் மனதில் பட்டது, ஆள் எப்படி மெலிந்து அழகாகிவிட்டான் என்பதுதான். கன்ன எலும்பு எடுப்பாகத் தெரிந்தது. ஜிம்முக்குப் போகிறான் போலிருக்கிறது, சொல்லவேயில்லை பார். அறையின் மற்ற விளக்குகள் அணைந்திருந்தன. தொட்டிக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி, அதன்மேல் சுருட்டிய போர்வை. கட்டில் விரித்த மடிப்புக் கலையாமல் கிடந்தது. அலமாரியில் ஊரிலிருந்து வந்த கருவாடும் மக்ரூனும் பிரிக்காத பொட்டலமாக அடுக்கியிருந்தன. தன் வீட்டுப் பொட்டலம் வந்த மூன்றாம் நாளே தீர்ந்துபோனது இன்னாசிக்கு ஞாபகம் வந்தது. இவனுக்கு மட்டும் எதுவும் தீராது.

தொட்டிமேல் உருண்டை விளக்கு தொங்கியது. பவளத்தின் நுனிகள் பச்சையாகத் தீப்பிடித்திருந்தன. அடித்தண்டு ஊதா.

"என்னல பண்ணுத இதுக்கு?" என்று கேட்டான், சும்மா கேட்பதுபோல.

"ஒண்ணும் பண்ணல மக்கா. அதுபாட்டுக்கு இருக்கு."

அந்த ஒரு பதிலுக்கே இன்னாசிக்குக் காது சூடாகிவிட்டது. தெரு முனையில் ஒரே ஐஸைக் கடித்துப் பங்கு போட்டவன், இப்போது சூட்சுமத்தை மறைக்கிறான். கிளாட்வின் சோற்றில் கைவைத்தான், இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை, அப்புறம் சாப்பிடுகிறேன் என்று குளியலறைக்குப் போனான். வெகுநேரம் வரவில்லை. தொட்டியோரம் அவன் போன் திறந்தே கிடந்தது, விளக்கின் அளவுகளோடு. நீலம் தொண்ணூற்றைந்து, ஊதா தொண்ணூறு, வெள்ளை ஐந்து. ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம். இன்னாசி தன் போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டான். அவசரத்தில் முதல் படம் கலங்கிவிட்டது. இரண்டாவது எடுத்தான்.

அதே விளக்கு ஜனவரி முதல் வாரம் வந்து சேர்ந்தது. தட்டை விளக்கைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். கிளாட்வினின் அளவுகளை அப்படியே போட்டான். பிறகு ஒரு யோசனை வந்து எல்லாவற்றையும் நூறாக்கி, விளக்கை ஒரு சாண் கீழே இறக்கிக் கட்டினான். அவனைவிட ஒரு படி மேலே இருக்கட்டும்.

ஆறாம் நாள் டீ நிறம் கரைந்தது. ஒன்பதாம் நாள் நுனியில் பச்சை தட்டியது. பத்தாம் நாள் ஆலைக்குள் அவன் போன் ஓயவில்லை. அம்மா, செரின், சித்தப்பா, கல்யாண மாப்பிள்ளைகூட.

"எய்யா, இன்னைக்கு நானே மெர்சலின் வீட்டுக்குப் போனத் தூக்கிட்டுப் போனேன்" என்றாள் அம்மா. "அவ மூஞ்சியப் பாக்கணுமே. நல்லாருக்கு பிலோமின்னு சொன்னா, ஆனா உதட்டுலதான் சொன்னா."

இன்னாசி அந்தச் செய்தியை ஆறு தடவை கேட்டான். துரோம்சோவுக்கு வந்து மூன்று வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்ததில்லை. ஷிப்ட் முடிந்து வந்து ஜன்னலைப் பார்த்தால் இப்போது இரண்டு கட்டடத்திலும் ஒரே வெளிச்சம். பனிமேல் இரண்டு நிறமும் பாதிவழியில் முட்டிக்கொண்டன. அவனுடையது கொஞ்சம் அதிக தூரம் போனதாக அவனுக்குத் தோன்றியது.

மறுநாள் கிளாட்வின் வந்து கதவைத் தட்டினான். உள்ளே வராமல் வாசலில் நின்றபடியே தொட்டியைப் பார்த்தான்.

"நீயும் அந்த லைட்ட வாங்கிட்டியால?"

"எந்த லைட்டு? ஒண்ணும் பண்ணல மக்கா. அதுபாட்டுக்கு இருக்கு."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வாசகம் என்று இன்னாசிக்கு உறைத்தது. கிளாட்வினுக்கும் உறைத்திருக்க வேண்டும். ஆனால் அவன் கோபப்படவில்லை.

"பழசயே மாட்டிருல. இது வேண்டாம்."

"ஏன், ஒனக்கு மட்டும்தான் ஜொலிக்கணுமோ?"

கிளாட்வின் இன்னொரு தடவை தொட்டியைப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனான். பொறாமை, வேறென்ன என்று நினைத்துக்கொண்டான் இன்னாசி. அவனுக்கும் வரட்டுமே கொஞ்சம். அந்த நினைப்பு நாக்கில் வெல்லம் மாதிரி வெகுநேரம் நின்றது.

சூரியன் திரும்பும் நாளில் அந்த ஊரில் ஜாம் வைத்துப் பொரித்த உருண்டை ரொட்டி தின்பது வழக்கம். மைதிலி அக்கா அன்றைக்கு ஒரு பெட்டி ரொட்டியும் கோட்டுப் பைக்குள் ஒரு கடிதமுமாக வந்தாள். சிரித்த முகமாகத்தான் உள்ளே வந்தாள். தொட்டியைப் பார்த்ததும் பெட்டியை அப்படியே தரையில் வைத்தாள்.

"எப்பத்தில இருந்து?"

"எதுக்கா?"

"இந்த நிறம்."

"பன்னெண்டு நாளா. நல்லாருக்குல்லக்கா?"

அவள் விளக்கைப் பிடித்துப் பார்த்தாள், அளவுகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகக் குறைத்தாள். அறை மங்கியது. பிறகு தரையிலேயே உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"தம்பி, இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கு. அதுதான் இதுக்குச் சமைச்சுப் போடுறது. நீங்கள் பாத்த மண்ணிறம் அந்தப் பாசியின்ர நிறம். வெளிச்சம் தாங்கேலாமல் போனா பாசியை வெளியால துப்பிப்போடும். பிறகு வெறும் உடம்பு எரியாமல் இருக்கக் குடை பிடிக்கும். இந்தப் பச்சையும் ஊதாவும் அந்தக் குடைதான். குடைக்குக் கீழ சமைக்க ஆளில்லை. பட்டினி கிடக்குது. பட்டினியிலதான் இவ்வளவு வடிவு."

இன்னாசி ஜன்னல் பக்கம் திரும்பினான். "அப்ப கிளாட்வினோடது?"

"அது முடிஞ்சுது. இப்ப அங்க இருந்துதான் வாறன். வெறும் எலும்பு. நீல வெளிச்சத்தில எலும்பும் மினுங்கும்."

எடுத்து வந்துவிட்டாளா என்று கேட்டான். எடுக்கத்தான் போனாளாம். அப்படியே இருக்கட்டும், அம்மா பார்க்கிறாள் என்று கிளாட்வின் அவள் கையைப் பிடித்துக்கொண்டானாம். விளக்கையாவது அணையுங்கள் என்றதற்கு, அதை மட்டும் கேட்காதீர்கள் என்றானாம்.

"அவர் வேலைக்குப் போறாரோ, தம்பி?"

வேறு பிரிவுக்கு மாறிவிட்டதாகக் கேள்வி என்றான் இன்னாசி. நவம்பருக்குப் பிறகு ஆலையில் அவனைப் பார்த்ததாக நினைவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. ஒருக்கா போய்ப் பாருங்கோ என்றாள். சரி என்றான்.

கிளம்பும்போது அந்தக் கடிதத்தை மேசைமேல் வைத்தாள். போன மாத அளவீட்டில் இந்த ஊரிலேயே முதலில் வந்தது இன்னாசியின் துண்டுதான். சூட்டைத் தாங்குவதில் அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. அந்தச் செய்தியைச் சொல்லத்தான் ரொட்டியோடு வந்தாளாம். மே மாதத்துக்குள் மண்ணிறம் திரும்பினால் அவன் போகலாம். திரும்பாவிட்டால் அடுத்த தெருவில் ஒருவருடையது போகும்.

கதவு சாத்திய பிறகு இன்னாசி தலையில் கைவைத்து உட்கார்ந்தான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்துக்கும் முன்னால் ஒரு நினைப்பு முந்திக்கொண்டு வந்தது. கிளாட்வினுடையது செத்துவிட்டது. இனி எதிர்வீட்டுக்கு இருக்கை இல்லை. அந்த நினைப்பு வந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

கட்டிலுக்கு அடியிலிருந்து தட்டை விளக்கை எடுத்து, உயரத் தூக்கிக் கட்டினான். முதல் வாரம் நான்கு மணி நேரம், பிறகு ஐந்து. ஊசியில்லாத பீச்சுக்குழலால் இரை ஊட்டினான், ஒவ்வொரு நுண்வாயும் திறக்கிறதா என்று மூக்கு கண்ணாடியில் இடிக்கப் பார்த்தான். அம்மா பதறிப்போய்க் கேட்டாள், "என்னய்யா, கலரு போகுது? மெர்சலின் கேக்கா." போகட்டும்மா என்றான். பிப்ரவரி போய், மார்ச்சில் தண்டின் அடியில் லேசாக டீக்கறை தெரிந்தபோது அவன் அழுதே விட்டான். மேயில் மைதிலி அக்கா வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

இத்தனைக்கும் நடுவே கிளாட்வினை இரண்டு முறை பார்க்கப் போனான். இரண்டு முறையும் கதவு ஒரு சாணுக்கு மேல் திறக்கவில்லை. மருத்துவ விடுப்பில் இருப்பதாகச் சொன்னான், எல்லாம் சரியாகிவிடும் என்றான். தன் துண்டைக் கவனிக்கிற அவசரத்தில் அந்தப் பதிலே போதும் என்று இன்னாசி திரும்பி வந்தான்.

விமானத்துக்கு முந்தின நாள் மூன்றாவது முறை போனான். ஜூன் மாதம். சூரியன் மறையவே மறையாது, தெருவெல்லாம் ஆட்கள். கிளாட்வினின் ஜன்னலில் உள்ளிருந்து அலுமினியத் தாள் ஒட்டியிருந்தது. இந்த முறை அவன் கதவைத் திறந்து உள்ளே விட்டான். ஊதா வெளிச்சத்தில் வெறும் எலும்பு பளபளத்தது. அதே நாற்காலி, அதே போர்வை. கன்ன எலும்புகளை இன்னாசி இப்போது பார்த்தான். அவற்றில் அழகு ஒன்றும் இல்லை.

"அம்மாவுக்கு எதாவது சொல்லணுமால?"

"ஒண்ணும் சொல்லாத. அவ பாட்டுக்குப் பாத்துட்டு இருக்கட்டும்."

"ஏம்ல அந்த லைட்ட வாங்குன? அக்கா வேண்டாம்னாங்கல்லா."

கிளாட்வின் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பவளத்துக்கு வாங்கல மக்கா. எனக்கு வாங்குனேன். மொத வருஷ இருட்டயே எப்படியோ தாண்டுனேன். ரெண்டாவது முடியல. இது முன்னால உக்காந்தா கொஞ்சம் மூச்சு வந்துச்சு. அது சாகுதுன்னு எனக்குத் தெரியும். அணைக்கத்தான் முடியல." பிறகு சொன்னான், "நீயும் மாட்டுனதப் பாத்ததும், ஒனக்கும் அப்படித்தான் போலன்னு நெனச்சேன். அதான் கேக்க வந்தேன்."

விமானம் முழுக்க அந்தக் கடைசி வாசகம் இன்னாசியின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தது.

வான் தீவில் நடும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. படகில் வந்த அம்மா, பெட்டியைத் திறந்து துண்டைப் பார்த்து, "இந்தக் கலருக்கா ஒனக்கு இவ்வளவு பேரு?" என்றாள். அதற்கு இரண்டு நாள் கழித்துக் கல்யாணம். செரினின் கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் அழைத்துப்போனது அவன்தான். மூன்று வருடமாக எதற்காக வெந்தானோ அது நடந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் இலை போடும்போது மெர்சலின் சித்தி போனோடு வந்தாள்.

"என்னய்யா இன்னாசி, கொண்டாந்து நட்டுட்டியாமே. நல்லது. ஆனா எம்புள்ள துண்டப் பாரு. இன்னும் எப்படி மின்னுதுன்னு பாரு. இதப் போய் எடுக்காம விட்டுட்டாளே அந்தப் பொம்பள."

திரையில் நீலத்தில் எலும்பு மினுங்கியது. பக்கத்தில் அம்மா கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஓடியது என்னவென்று இன்னாசிக்கு நன்றாகத் தெரியும். அந்த வயிற்றெரிச்சல் அவன் வீட்டுச் சொத்து.

ஒண்ணும் சொல்லாத என்று கிளாட்வின் கேட்டிருந்தான். இன்னாசியும் தலையாட்டியிருந்தான்.

"சித்தி, அவனக் கூப்பிடுங்க."

"எதுக்குய்யா? தூங்குவான்."

"தூங்க மாட்டான். கூப்பிட்டு அந்தக் கேமராவ அவன் பக்கமாத் திருப்பச் சொல்லுங்க."

சித்தி சிரித்தாள். "அவன எதுக்குப் பாக்க? அவந்தான் நல்லாருக்கானே. இந்தா, எப்படி வச்சிருக்கான் பாரு."

"சித்தி, திருப்பச் சொல்லுங்க."

அவன் குரலில் நடுக்கம் இருந்தது. இந்த முறை அதை அழித்துப் பேச முடியவில்லை. சித்தியின் சிரிப்பு நின்றது. கூப்பிட்டாள். அந்தப் பக்கம் வெகுநேரம் மணி அடித்தது. எடுத்தான். வேண்டாம்மா என்றான். திருப்புல என்றாள் சித்தி, இரண்டு தடவை.

திரையில் ஊதா ஆடியது. ஒரு பக்கமாக வழுக்கிப் போனது. அலுமினியத் தாள் தெரிந்தது, பிரிக்காத பொட்டலங்கள் தெரிந்தன, பிறகு அவன் முகம் வந்தது.

சித்தி போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். பந்தியின் இரைச்சலில் மூன்று பேரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்தபடி நின்றார்கள். அம்மாதான் முதலில் அசைந்தாள். சித்தியின் கையோடு சேர்த்துப் போனைப் பிடித்து, வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"எய்யா கிளாட்வினு, சாப்பிட்டியாய்யா?"